மூன்றடித் தொட்டியும் கணக்கு நோட்டும்

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று போனில் பாதியிலேயே பேச்சை மாற்றிவிட்டாய். "ஒண்ணுமில்ல அத்தை, மீன் விஷயம்தான்" என்றாய். நம் வீட்டில் தொட்டி மீன் விஷயம் ஒன்றுமில்லாமல் போனதே கிடையாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதும் வேண்டுமென்றேதான், உன் புருஷனும் படிக்கட்டும்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அப்பாவின் ரத்தம். உன் மாமனார் அரை டிராயர் போட்ட வயதில் சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரு ஃபைட்டர் மீனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் வாங்கி வந்தவர். 1985-ல் மார்க்கெட் எரிந்து போனது. அப்புறம் பிராட்வே, பிராட்வேயை விட்டால் கொளத்தூர். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன்கூடச் சாப்பிடாமல் கிளம்பிவிடுவார்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம். மடியில் உன் புருஷன் கைக்குழந்தை. கணக்கு நோட்டில் அவர் எழுதுவார், மாதக் கடைசியில் நான் கூட்டுவேன். ஒரு மாதம் பார்த்தால் 'மருந்து' என்று மூன்று இடத்தில் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் ஜலதோஷம்கூட இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மனுஷனுக்கு என்னமோ வியாதி, நமக்குச் சொல்லாமல் மறைக்கிறார் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் துணி துவைக்கும்போது அவர் துண்டின் ஓரமெல்லாம் நீலக் கறை. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சாயந்திரம் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன், நகக்கண்ணிலும் அதே நீலம். மெத்திலீன் ப்ளூ! மாலி மீனுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறது, அதற்கு வைத்தியம். "மருந்துதானே வாங்கினேன், மருந்துன்னுதானே எழுதினேன்" என்கிறார். பொய் என்றும் சொல்ல முடியாது.

அது ஒன்றும் பெரிய தொகை இல்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்தேனே, அதற்குத்தான் சண்டை போட்டேன். அடுத்த மாதமே பால், மளிகை, கரண்ட் என்ற வரிசையில் 'மீன்' என்று தனியாக ஒரு கட்டம் போட்டுவிட்டேன். ஊரிலிருந்து வந்த என் அம்மா நோட்டைப் புரட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமைகூட விடுறதில்லையாடி?" என்று கேட்டாள்.

உன் வீட்டில் அந்தக் கட்டம் 'இதர செலவு' என்ற பெயரில் இருக்கிறது. போன மாதம் அது பால் செலவைத் தாண்டிவிட்டது என்றாய். தாண்டும். ஆனால் மீன் விலையை வைத்துச் சண்டை போடாதே. கொளத்தூரில் மீன் சல்லிசு, மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி மீன் வளர்த்து விற்கிற இடம் அது. செலவு வேறு பக்கமிருந்து வருகிறது.

அவன் செய்ததைப் பார். சனிக்கிழமை தொட்டியில் தண்ணீர் நிரப்பினான். ஞாயிற்றுக்கிழமை 12 கோல்டு ஃபிஷ் விட்டான். வியாழக்கிழமைக்குள் ஐந்து மிதந்தன. மறு ஞாயிறு ஆறு வாங்கி வந்தான், அதிலும் நான்கு போயிற்று. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அது மீனுக்குக் கிட்டத்தட்ட விஷத் தண்ணீர்தான். இது அப்பனுக்குத் தெரியும், மகனுக்கு அவசரம். செத்த மீனுக்குப் பதில் மீன், அதற்கு மருந்து, மருந்தால் கலங்கிய தண்ணீரை மாற்ற இன்னொரு பாட்டில் என்று ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வருகிறது.

அந்த பாட்டில் விஷயம் ஒன்று. குளோரின் போக்க நீலமாக ஒரு திரவம் விற்பார்கள். அது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட்தான். அதையே 'ஹைப்போ' என்று கேட்டால் கற்கண்டு மாதிரி கிலோ கணக்கில் தருவார்கள். அரைக் கிலோ வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

கரண்ட்டையும் கூட்டிப் பார். ஃபில்டர் 25 வாட் என்றால் நாள் முழுக்க ஓடுவதில் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். விளக்கையும் சேர்த்தால் 45 என்று வை. தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் மே மாதம் ஏசி ஓடி 470 யூனிட்டில் நிற்கிற பில்லை இந்த 45தான் 500-க்கு மேலே தள்ளும். 500-ஐத் தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறும், தெரியுமல்லவா? கோடையில் மட்டும் விளக்கை எட்டு மணி நேரத்திலிருந்து ஐந்தாக்கச் சொல்.

தொட்டியை ஹாலில் எங்கே வைத்திருக்கிறான் என்றும் பார்த்துக்கொள். மூன்றடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம் என்றால் தண்ணீர் மட்டும் சுமார் 190 கிலோ. ஏழெட்டு 25 கிலோ அரிசிச் சிப்பத்தை அடுக்கின மாதிரி. பழைய டிவி ஸ்டாண்டு அதைத் தாங்காது.

இனி அவன் 'வாஸ்து மீன்' என்று ஆரம்பிப்பான். நெற்றி புடைத்த ஃப்ளவர்ஹார்ன். 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உண்டாக்கிய மீனுக்கு நம் வாஸ்து எங்கிருந்து வந்ததோ! அது கூட இருக்கிற மீனையெல்லாம் கடித்துக் குதறும், அதற்கென்று தனித் தொட்டி வேண்டும். இரண்டாவது தொட்டி என்ற பேச்சு வந்தாலே நோட்டை எடுத்து வை.

அந்த நோட்டில் உன் ஆரி எம்பிராய்டரி வேலைக்கும் ஒரு கட்டம் போடு. மணி, ஜரிகை, ஜர்தோசி, போன மாதம் வாங்கின புது ஃப்ரேம் எல்லாம் அதில் வரட்டும். கோபப்படாதே. அவன் கட்டம் எவ்வளவு, உன் கட்டம் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் அவன் வாயும் அடங்கும், உன் குரலும் இறங்கும். எங்கள் வீட்டில் 'மீன்' கட்டத்துக்குப் பக்கத்தில் 'கோலப்புத்தகம், ஊசி நூல்' என்று என் கட்டம் இருந்தது. சில மாதம் என்னுடையதுதான் பெரியது.

விலை பார்க்காமல் வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அடித்ததும் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஃபில்டர் நின்ற கொஞ்ச நேரத்தில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. மெழுகுவத்தி வெளிச்சத்தில் உன் மாமனார், நான், காலேஜ் படித்துக்கொண்டிருந்த உன் புருஷன், மூன்று பேரும் முறை போட்டுக்கொண்டு தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று சொம்பால் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினோம். ராத்திரி இரண்டு மணிக்கு என் முறை. தோள்பட்டை இரண்டு வாரம் வலித்தது. நாலைத் தவிர எல்லாம் பிழைத்தன.

இந்த ஞாயிறு வருகிறோம். அதுவரை புது மீன் வாங்கக் கூடாது என்று அவனிடம் சொல். எங்கள் பழைய தொட்டியில் ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தொட்டித் தண்ணீரோடு கவரில் கட்டிக் கொண்டு வருகிறேன். பார்க்க அழுக்குப் பிடித்து அருவருப்பாக இருக்கும். பளிச்சென்று இருக்கட்டுமே என்று குழாயடியில் கழுவிவிடாதே, பாக்டீரியா முழுக்க அதில்தான் இருக்கிறது.

அன்புடன்,
அத்தை