மெஷின் ரூபாயில் கேட்டால் வேண்டாம் என்று சொல்

அன்புள்ள பாப்பா,

பாரிஸ், சூரிச், பிராக் என்று டிக்கெட் போட்டாகிவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். ஸ்வெட்டர், பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் அப்பா பொறுப்பு. பண விஷயம் என்னுடையது. வங்கியில் அந்நியச் செலாவணி கவுன்டரில் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவள் வேறு எதைப் பற்றிப் பேசுவாள்? போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போகும் மூன்று ஊருக்கும் மூன்று பணம். பாரிஸில் யூரோ, சூரிச்சில் சுவிஸ் ஃபிராங்க், பிராகில் செக் கொருனா. ரூபாய் வேறு பணமாக மாறுகிற இடத்திலெல்லாம் நம் மாட்டுச்சந்தைத் தரகர் மாதிரி ஒருவர் துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு நிற்பார். எவ்வளவு எடுத்தார் என்று வெளியே தெரியாது. ஆகவே பணம் ஒரே ஒரு தடவைதான் மாற வேண்டும், அதுவும் குறைவாக எடுப்பவர் கையில். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முதலில் உன் கிரெடிட் கார்டின் கட்டணப் பட்டியலை எடுத்து, 'ஃபாரின் கரன்சி மார்க்-அப்' என்ற வரியைத் தேடு. வெளிநாட்டுப் பணத்தில் செலவு செய்தால் வங்கி கூடுதலாக எடுக்கும் கட்டணம் அது. பெரும்பாலான கார்டுகளில் 3.5 சதவீதம் போட்டிருக்கும். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 4.13 சதவீதம். இரண்டு லட்சம் ரூபாய்க்குத் தேய்த்தால் 8,260 ரூபாய் சும்மா போகிறது. மார்க்-அப் இல்லாத கார்டுகளைச் சில வங்கிகள் இப்போது தருகின்றன. கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது, ஒன்று வாங்கிவிடு. டெபிட் கார்டாக இருந்தால் அந்தக் கணக்கில் தேவைக்கு மட்டும் பணம் வை. சம்பளம் விழும் கணக்கின் கார்டு வீட்டிலேயே இருக்கட்டும். வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்க மாட்டார்கள், கார்டில் இருக்கும் விவரங்கள் தெரிந்தால் போதும். கணக்கில் இருபதாயிரம் இருந்தால் திருடனுக்கும் இருபதாயிரம்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சூரிச்சில் சாப்பிட்டு முடித்ததும் 86 ஃபிராங்க் பில் வருகிறது என்று வை. பரிமாறுபவர் கார்டு மெஷினை மேசைக்கே கொண்டுவருவார். உன் கார்டு இந்தியாவில் கொடுத்தது என்று மெஷினுக்குத் தெரிந்துவிடும். உடனே திரையில் இரண்டு தொகை வரும்: ஒன்று ஐஎன்ஆர், அதாவது நம் ரூபாய்; இன்னொன்று சிஎச்எஃப் 86.00, அதாவது சுவிஸ் ஃபிராங்க். ரூபாய்த் தொகைக்குப் பச்சைப் பொத்தான் இருக்கும், பக்கத்தில் "உறுதியான விலை" என்று ஆசை காட்டும் வார்த்தை வேறு. நம் பணத்தைப் பார்த்ததும் மனசு அங்கேதான் போகும். தொடாதே. அதைத் தொட்டால் பணத்தை மாற்றுவது உன் வங்கியோ கார்டு நிறுவனமோ இல்லை, அந்தக் கடைக்கு மெஷின் கொடுத்தவர்கள். அவர்கள் வைத்ததுதான் ரேட்டு. ஐந்து, ஏழு சதவீதம்கூடக் கூட்டி வைப்பார்கள். இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெரிய பெயர். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வெளிநாட்டில் ரூபாயில் தேய்த்தாலும் தனிக் கட்டணம் போடும் வங்கிகள் நம் ஊரில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் அடி.

எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடு. சில இடங்களில் உன்னைக் கேட்காமல் அவர்களே ரூபாயை அழுத்திவிடுவார்கள். சீட்டில் ஐஎன்ஆர் என்று இருந்தால் கேன்சல் செய்து மறுபடி போடச் சொல். கூச்சப்படாதே. மாப்பிள்ளை கூச்சப்படுவார் என்று எனக்குத் தெரியும், நீ சொல்.

ஏடிஎம்மிலும் இதே கதைதான், கொஞ்சம் மோசம். பிராக் பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றியும் ரயில் நிலையங்களிலும் எந்த வங்கியையும் சேராமல் தனியாக நிற்கும் மெஷின்கள் நிறைய. அவற்றில் எடுக்காதே. வங்கிக் கிளைச் சுவரில் இருக்கும் ஏடிஎம்மாகப் பார். "கன்வர்ஷனை ஏற்கிறீர்களா" என்று கேட்டால் இல்லை என்று அழுத்து. பரிவர்த்தனையே ரத்தாகிவிடும் என்று பயமுறுத்துகிற மாதிரி எழுதியிருக்கும். ஆகாது, பணம் வரும். ஒவ்வொரு தடவையும் கட்டணம் உண்டு என்பதால் சில்லறை சில்லறையாக எடுக்காமல் ஒரே தடவையாக எடு. கிரெடிட் கார்டில் மட்டும் பணம் எடுக்கவே எடுக்காதே. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் இதற்குக் கிடையாது. எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும், கட்டணம் தனி.

பிராகில் பணம் மாற்றும் கடைகளில் "கமிஷன் 0%" என்று பெரிய எழுத்தில் இருக்கும். கமிஷன் இல்லைதான், ரேட்டிலேயே வழித்துவிடுவார்கள். இதற்காகவே அங்கே 2019-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆயிரம் யூரோ வரைக்கும், மாற்றின மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போனால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால் ரசீதைத் தூக்கிப் போடாதே. தெருவில் ஒருவன் நல்ல ரேட்டு என்று கிட்டே வந்தால் நடந்துகொண்டே இரு. வேறு நாட்டின் செல்லாத நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவான். உண்மையில் அங்கே ரொக்கத்துக்கு அவ்வளவு வேலை இல்லை. டிராமுக்குள்ளேயே கார்டைத் தொட்டு டிக்கெட் எடுக்கலாம்.

வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கச் சொல்லி உன் ஆபீஸ் தோழி சொன்னாளாமே. வருஷக்கணக்கில் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அது சரி, ரேட்டைப் பூட்டி வைக்கலாம். உங்களுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். யூரோ ஏற்றின கார்டை சூரிச்சில் தேய்த்தால் யூரோ ஃபிராங்காக மாறும், அதற்கு ஒரு கட்டணம். மிச்சத்தை ரூபாயாக்கும்போது இன்னொரு நஷ்டம். ஒரு தடவை மாற வேண்டிய பணம் மூன்று தடவை மாறும்.

ரொக்கமாக இருநூறு யூரோ, நூறு ஃபிராங்க் போதும். ஏர்போர்ட்டில் வாங்காமல் ஊருக்குள்ளேயே, ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள இரண்டு இடத்திலாவது கேட்டு வாங்கு. ரேட்டை மட்டும் கேட்காதே. "எல்லாக் கட்டணமும் வரியும் சேர்த்து இருநூறு யூரோவுக்கு எவ்வளவு கொடுக்கணும்?" என்று கேள், அப்போதுதான் உண்மை வெளியே வரும். பத்து, இருபது யூரோ நோட்டாகக் கேட்டு வாங்கு. ஐந்நூறு யூரோ நோட்டை வெளியிடுவதையே 2019-ல் நிறுத்திவிட்டார்கள், யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதே. சுவிஸ் கடைகள் சிலவற்றில் யூரோவை வாங்கிக்கொள்வார்கள், மீதி ஃபிராங்கில், அவர்கள் ரேட்டில் வரும். ஃபிராங்க் நாணயங்களை மிச்சம் வைக்காதே. ஐந்து ஃபிராங்க் ஒரே ஒரு நாணயம், நம் பணத்தில் ஐந்நூறுக்கு மேல். இங்கே எந்த மாற்றுக் கடையிலும் நாணயம் எடுக்க மாட்டார்கள். சாக்லேட்டாக மாற்றிக் கொண்டு வா, அது நல்ல ரேட்டு.

பாரிஸ் ஹோட்டல்களில் சாப்பிடும்போது பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்காதே. "கராஃப் தோ" என்று கேட்டால் ஜாடியில் குழாய்த் தண்ணீர் இலவசமாகக் கொடுப்பார்கள். ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கு 2024-ல் யுபிஐ வந்தது என்று படித்திருப்பாய். அதை நம்பி ஊர் முழுக்க ஜிபே ஓடும் என்று நினைத்துவிடாதே.

தங்கும் ஹோட்டலில் டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டைக் கொடு. டெபிட் கார்டு கொடுத்தால் நிஜப் பணமே முடங்கிவிடும், விடுவிக்கச் சில சமயம் வாரங்கூட ஆகும்.

கார்டு இரண்டு இருக்கட்டும், ஒன்று விசா, ஒன்று மாஸ்டர்கார்டு. ஒன்று உன் கைப்பையில், மற்றது மாப்பிள்ளையிடம். இந்திய சிம்மைக் கழற்றவே வேண்டாம். வங்கி ஆப்களும் ஓடிபியும் அதோடுதான் பிணைந்திருக்கின்றன. நெட்டுக்கு ஒரு இ-சிம் போட்டுக்கொள். கார்டைத் தடுக்க வெளிநாட்டிலிருந்து கூப்பிடும் வங்கி நம்பரைக் காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் வை. போனே தொலைந்தால் போனுக்குள் இருக்கும் நம்பர் எதற்கு உதவும்?

இன்னொன்று. 2020-ல் ரிசர்வ் வங்கி விதி மாற்றியதிலிருந்து புதுக் கார்டு எதுவும் வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. ஆப்பில் சர்வதேசப் பயன்பாட்டை நீதான் திறந்துவிட வேண்டும். கடை, ஆன்லைன், ஏடிஎம் எல்லாவற்றுக்கும் தனித்தனி சுவிட்ச், தனித்தனி வரம்பு. பாரிஸில் இறங்கி, வரிசையில் நின்றுகொண்டு தேடுகிற வேலை இல்லை இது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வீடியோ காலில் வா. கார்டுகளையும் எடுத்து வைத்துக்கொள், எந்த சுவிட்ச் திறக்கணும், எதை மூடியே வைக்கணும் என்று சேர்ந்தே பார்த்துவிடலாம். மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வை, அவர் கார்டும் பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
அம்மா