தமிழ்ச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024 மார்ச் – 2025 பிப்ரவரி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் இன்று வந்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திரைப் புத்தாண்டு விழா ஏப்ரல் 14 அன்று மண்டபத்தில் நடந்தது. ஆடிக் கூழும் புரட்டாசிச் சனிக்கிழமைப் பூசைகளும் குறையில்லாமல் நடந்தன. 1860-ல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய முன்னோரை நினைத்து நவம்பர் 16 அன்று விளக்கேற்றினோம். தைப்பூசக் காவடிக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். தமிழ் வகுப்பு தொடர்கிறது. பிள்ளைகள் 14 பேர், ஆசிரியை ஒருவர்.

இனி, சனிக்கிழமை மேசையைப் பற்றி. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பிற்பகல் 2 மணிக்கு, மண்டபத்தின் பின்னறையில் ஒரு மேசை போட்டு, அங்கத்தினர்களின் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது வாங்கிய கடனை எப்படிக் கட்டினார்கள் என்ற பதிவை, படித்துச் சொல்லி, தவறாக ஏறிய "தாமதமாகக் கட்டியவர்" பதிவுகளை மறுத்து எழுதிக் கொடுத்தோம். போன ஆண்டுக் கூட்டத்தில் இதற்கு ஒப்புதல் கேட்டபோது, "இது தமிழ்ச் சங்கத்து வேலையா?" என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி ஆண்டு முழுவதும் என் மனதில் இருந்தது. பதிலை இன்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேசைக்கு முதலில் வந்தவர் மாண்ட்ஃபோர்ட் பக்கத்து அக்கா ஒருவர். கையில் ஒரு பிஸ்கட் டின். மகள் வீட்டுக் கடனுக்கு இவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார், வங்கி மறுத்துவிட்டது. காரணம் கேட்டால், "உங்கள் பெயரில் மூன்று மாதத் தாமதம் இருக்கிறது" என்றார்களாம். அக்கா வாழ்நாளில் ஒரு தவணையும் தவறியவர் இல்லை. ஒரு தளபாடக் கடையில் வாங்கிய அலமாரிக்கு மாதம் 340 ரேண்டு, ஒவ்வொரு மாதமும் கவுண்டரிலேயே கட்டியிருக்கிறார். ரசீது எல்லாம் டின்னுக்குள்ளே பத்திரம். திறந்து பார்த்தால் பாதி ரசீதில் எழுத்தே இல்லை. சூடு பட்டு அச்சாகும் அந்தத் தாள் நாளாக ஆக வெளுத்துப்போகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது சிலவற்றில் தேதி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்து மடியில் நீவி நீவி வைத்துக்கொண்டிருந்தார்.

ரிப்போர்ட்டில் மாதத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். 0 என்றால் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு தவணை பாக்கி. 2, 3 என்று ஏறினால் அத்தனை தவணை பாக்கி. அக்காவின் வரிசையில் 0, 0, 0 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 1, 2, 3 ஆகிவிட்டு மறுபடி 0-க்கு இறங்கியிருந்தது. நல்லவேளையாக, அந்த மூன்று மாதமும் அவர் கார்டில் கட்டியிருந்தார். வங்கி ஸ்டேட்மெண்டில் தேதியும் தொகையும் அப்படியே நின்றன. கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாறி, பணம் வேறு யாரோ கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது.

சட்டம் இந்த விஷயத்தில் நம் பக்கம்தான் இருக்கிறது, அது நமக்குத் தெரியாததுதான் குறை. 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் தேசியக் கடன் சட்டத்தின் 72-ஆம் பிரிவுப்படி, இந்தப் பதிவுகளைத் திரட்டி வைக்கும் ஒவ்வொரு கிரெடிட் பீரோவிடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் ரிப்போர்ட்டை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் எல்லாவற்றிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றில் சரியாக இருப்பது இன்னொன்றில் தப்பாக இருக்கும். ஒரு பதிவு தப்பு என்று நீங்கள் மறுத்தால், பீரோ 20 வேலை நாளுக்குள் நம்பத்தகுந்த ஆதாரத்தைத் தேடி உங்களுக்குக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பதிவை நீக்க வேண்டும். அது முடியும்வரை அந்தத் தகவலை யாருக்கும் கொடுக்கவும் கூடாது. அக்காவின் விஷயத்தில் கடை ஆதாரம் எதையும் அனுப்பவில்லை. 18-ஆம் வேலை நாளில் மூன்று கட்டமும் 0 ஆனது.

இப்படி இந்த ஆண்டு 23 பேருக்கு எழுதிக் கொடுத்தோம். ஜனவரி 1 விடுமுறை என்பதால் மறுநாள் எடுக்கப்பட்ட டெபிட் ஆர்டர் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணை), முடித்துவிட்ட துணிக்கடைக் கணக்கில் தெரியாமல் தங்கிவிட்ட 40 ரேண்டு வட்டி, பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருந்ததால் ஒருவர் கடன் இன்னொருவர் மேல் ஏறியது என்று காரணம் பலவகை. நம்மில் ஒரே பெயர் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஒருவரைப் பாதகமாகப் பதிவதற்கு 20 வேலை நாள் முன்பே கடன் கொடுத்தவர் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதும் விதி. அந்தக் கடிதம் பழைய வீட்டு விலாசத்துக்குப் போய்விடுகிறது. வீடு மாறினால் கடைக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

எல்லாப் பதிவையும் நீக்கலாம் என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. உண்மையிலேயே தாமதமாகக் கட்டிய ஐந்து பேரிடம் அதை முகத்துக்கு நேரே சொன்னோம். பாக்கியைத் தீர்த்தால் "கடன் தவறியவர்" போன்ற பாதகக் குறிப்பு 2015 மார்ச் 13 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி எடுக்கப்படும். ஆனால் மாதாமாதம் கட்டிய வரலாறு 5 ஆண்டு வரை இருக்கும். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர், "பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று விளம்பரம் போட்ட ஆளிடம் 2,500 ரேண்டு கொடுத்து ஏமாந்தது எனக்கு மிகுந்த வருத்தம். இலவசமாகக் கிடைப்பதற்கு யாரும் காசு கொடுக்க வேண்டாம். பீரோவின் பதிலில் திருப்தி இல்லையென்றால் தேசிய நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கி, கடன், இரு வகைக் காப்பீடு என்று நான்காக இருந்த அலுவலகங்கள் 2024 மார்ச் 1 முதல் ஒன்றாகிவிட்டன. அங்கேயும் கட்டணம் கிடையாது.

இதையே சொல்லும்போது நம் சங்கத்துப் பதிவேட்டையும் மறைக்கக் கூடாது. சந்தா பாக்கிப் பட்டியலை ஆகஸ்டில் மண்டபக் கதவில் ஒட்டினேன். ஒரு பெரியவர் வந்து, "தம்பி, நான் காவடியன்றே கொடுத்தேனே" என்றார். தேடியதில், பூச்செலவுக் கவரோடு ஒட்டிக்கொண்டு அவர் ரசீதின் அடிக்கட்டை இருந்தது. அன்றே பட்டியலைக் கிழித்தேன், அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இனி 20 வேலை நாள் முன்பே கடிதம் கொடுக்காமல் யார் பெயரையும் ஒட்டுவதில்லை என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

சரி, அந்தக் கடிதங்களை முறைப்படி அனுப்பிய பிறகும் 38 பேரின் சந்தா வரவில்லை. ஆண்டுக்கு 120 ரேண்டு. இந்த 38 பேரில் ஒன்பது பேர் மேசைக்கு வந்து பயன் பெற்றவர்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கஷ்டம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், விட்டுவிடுகிறோம், பலருக்கு விட்டிருக்கிறோம். பதிலே இல்லாததுதான் வலிக்கிறது. செயற்குழுக் கூட்டம் பத்தில் நான்கு, போதிய ஆள் வராமல் தள்ளிப்போனது. மழை பெய்த ஜூன் கூட்டத்துக்கு நானும் பொருளாளரும் மட்டும் வந்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, தேநீர்க் கெண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனோம்.

வரவு செலவை பொருளாளர் தனியே வாசிப்பார். வரவு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, மின்சாரச் செலவு அதிகம், கையிருப்பு சில மாதத்துக்குத் தாங்கும். மேசைக்கான தாளும் மையும் என் கைச்செலவு. அதைச் சங்கத்திடம் கேட்கவில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தமிழ் ஆசிரியைக்கும், சமையலறைப் பெண்களுக்கும், மண்டபத்தைத் திறந்து மூடும் அண்ணனுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மேசையை நான் ஒருவனாக நடத்த முடியாது. கண் மங்குகிறது, அந்தச் சிறிய கட்டங்களை லென்ஸ் வைத்துத்தான் படிக்கிறேன். வங்கியிலோ கணக்கு வேலையிலோ இருந்து ஓய்வு பெற்றவர்கள் நம்மில் உண்டு. கணினி தெரிந்த பிள்ளைகளும் வீட்டுக்கு ஒருவர் உண்டு. இரண்டு பேர் வந்தால் போதும். யாரும் வராவிட்டால் ஜூன் மாதத்தோடு நிறுத்த வேண்டியிருக்கும். அக்காவின் மகளுக்குப் போன மாதம் வீட்டுக் கடன் கிடைத்துவிட்டது. அந்தச் செய்தியைச் சொல்ல அக்காவே மேசைக்கு வந்தார், வரும் சனிக்கிழமை தேநீர் போட உதவுவதாகவும் சொல்லியிருக்கிறார். மேசை 2 மணிக்குப் போடப்படும். அடையாள அட்டை நகலும் வங்கி ஸ்டேட்மெண்டும் கொண்டு வாருங்கள். வெளுத்துப்போகும் ரசீதுகளை இன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்