பெரா மெஷினைத் தூக்கிக்கொண்டு வா

குலசேகரம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஷீபா,

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? இங்கே நானும் அம்மாவும் சுகம். மழை பிடித்துக்கொண்டது, துணி காய்வதில்லை. சரி, குசலம் தீர்ந்தது.

போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ பாதியில் புகுந்து உன் கதையை ஆரம்பித்துவிடுவாய். பாறசாலையில் நான் எடுத்த பேச்சு இரணியல் வந்தும் முடியாமல் நாலு வருடம் ரயிலில் போனோமே, அது போதும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

விஷயம் ஓர் அண்ணனைப் பற்றி. பெயர் வேண்டாம், அண்ணன் என்றே எழுதுகிறேன். முப்பத்தைந்து தாண்டியவர். பேச்சிப்பாறை போகிற வழியில் ரப்பர் தோட்டத்துக்குள் வீடு. அம்மா இறந்த பிறகு அக்காவோடும் அத்தானோடும் இருக்கிறார். அத்தான் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர், விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். அண்ணனுக்கு மூளை முடக்குவாதம், கைகால் தானாக முறுக்கி ஆடுமே, அந்த வகை. பேச்சு இல்லை. நான் போகும்வரை ஸ்பீச் டீச்சர் யாரையும் அவர் பார்த்ததே கிடையாது. குழந்தைகளைப் பரிசோதிக்கிற அரசுத் திட்டம் 2013-இல்தான் வந்தது, அதுவும் 18 வயதோடு நின்றுவிடும். 2016 சட்டத்தில் 21 வகை ஊனத்தை எழுதிவைத்தார்கள். இந்த வயதுக்காரர் சிகிச்சைக்கு எங்கே போவார் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.

அக்கா என்னைக் கூப்பிட்டது பேச வைக்க அல்ல. "சாப்பாட்டு நேரம் ஆனா தட்டத் தட்டி விடுதான் டீச்சர், கையக் கடிக்கான். சொன்ன பேச்சு கேக்க மாட்டான். ஒரு நாள் கேப்பான், ஒரு நாள் கேக்கவே மாட்டான்." அடம் என்று முடிவு கட்டி, அமைதிக்கு மாத்திரையும் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் ஒன்றும் செய்யாமல் அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றுக் கட்டிலில் பாதி படுத்த நிலை, தலை பின்னால் தொங்குகிறது. அக்கா அன்பாகத்தான் ஊட்டுகிறார். பெரிய கரண்டி, ஒன்று இறங்குமுன் அடுத்தது. நடுவில் டம்ளரில் தண்ணீர். தண்ணீர் உள்ளே போனதும் இருமல், கண்ணில் நீர், தொண்டையில் களகளவென்று ஈரச் சத்தம். மூன்றாவது வாய்க்குக் கை தட்டை நோக்கிப் போனது. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் திறந்தே கிடக்கும், தண்ணீர் விழுங்கத் தயாராகுமுன்னே வழிந்து இறங்கிவிடும் என்று உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீ காது பரிசோதனைப் பக்கம் ஒதுங்கி ஏசி அறையில் பீப் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாலும் ஒரு காலத்தில் படித்தவள்தானே. மழைக்காலம்தோறும் நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரியில் கிடப்பாராம். இத்தனை வருடமாக அந்த மனிதர் "வேண்டாம், மூச்சு முட்டுது" என்று தட்டைத் தட்டித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

சாப்பாட்டுப் பக்கம் சீக்கிரம் சரியானது. நேராக உட்கார வைத்து, இடுப்புக்கு ஒரு பழைய வேட்டியால் பிடிப்பு, தாடை சற்றுக் கீழே, சின்னக் கரண்டி. தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். கஞ்சி கொஞ்சம் கெட்டியாக, மரச்சீனியை மீன்கறிச் சாறு விட்டு மைய மசித்து. சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. கடியும் குறைந்தது.

அடுத்துதான் வேடிக்கை. வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தட்டைத் தவிர இன்னொரு வழி வேண்டுமே. கையால் சுட்டிக்காட்ட முடியாது, கை ஒரு பக்கம் நினைத்தால் இன்னொரு பக்கம் போகும். அதனால் கண். "சரி" ஓர் அட்டை, "வேண்டாம்" ஓர் அட்டை, முகத்துக்கு இரண்டு பக்கமும் அகலப் பிடிப்பேன், வேண்டியதைப் பார்ப்பார். கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

பிடித்துக்கொண்டார், ஏட்டி! பிடித்ததும் எல்லாவற்றுக்கும் வேண்டாம்தான். கஞ்சி வேண்டாம், குளியல் வேண்டாம், கோடு போட்ட சட்டை வேண்டாம். நான் வந்து உட்கார்ந்தால் "டீச்சர் இருக்கட்டுமா?" என்று அக்கா கேட்பார், வேண்டாம். எழுந்து செருப்பை மாட்டினால் சிரிப்பு. அத்தான் மட்டும், "இவ்வளவு நாளா நல்ல பையனா இருந்தான், நீங்க வந்து வாயாடி ஆக்கிட்டீங்க" என்கிறார். வாயே திறக்காத மனிதரை வாயாடி என்று சொன்னதை என் படிப்புக்குக் கிடைத்த பெரிய சர்டிபிகேட்டாக வைத்துக்கொண்டேன்.

அட்டை கொடுத்தால் வரக்கூடிய பேச்சும் வராமல் போகும் என்ற பழைய பயத்தை அக்காவும் கேட்டார். 2006-இல் மில்லரும் லைட்டும் ஷ்லாசரும் தொகுத்த ஆய்வு நினைவிருக்கிறதா? உறுதியான ஆதாரம் இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது. பரீட்சைக்கு முந்தின ராத்திரி நீ எனக்கு ஒப்பித்தது, இங்கே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து உதவுகிறது.

இனி புகார். வாரத்தில் சில நாள் நான் போகிற ஓர் இடம் இருக்கிறதே, பெயர் எழுத மாட்டேன். அங்கேயும் பெரியவர்கள் இருக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், எல்லாம் முப்பது நாற்பது வயது. அவர்கள் கழுத்தில் தொங்குகிற படப் புத்தகத்தைப் பார்த்தால் தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், நன்றி. அவ்வளவுதான். நாற்பது வயது மனிதர் நாள் பூராவும் பேச அது போதுமாம். நான் "வேண்டாம்", "நிறுத்து", "வலிக்குது", "என்னைத் தொடாதே" நாலையும் சேர்த்து, உடம்பின் எல்லா உறுப்புக்கும், ஆமாம் எல்லாவற்றுக்கும், படம் போட்டேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பொறுப்பில் இருப்பவர் கூப்பிட்டு, "மேடம், அந்த வேண்டாம் அட்டைய மட்டும் எடுத்திருங்க, வகுப்பு நடத்த முடியல" என்றார். அறிக்கைப் படிவத்தில் இருப்பதே "சொன்னதைச் செய்கிறார்: ஆம் / இல்லை" என்கிற கட்டம்தான்.

யார் எங்கே கூப்பிட்டாலும் எழுந்து போகவும், யார் எதைச் செய்தாலும் சும்மா இருக்கவும் பழக்குகிறோம் ஷீபா. பிறகு ஏதாவது நடந்தால், "அதுக்குச் சொல்லத் தெரியாதே" என்கிறார்கள். போன வருடம் நான் அழுதுகொண்டு உனக்குப் போன் செய்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொள். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. அட்டையை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மாவிடம் மூச்சு விடாதே.

சரி, அண்ணனுக்கு வருகிறேன். உன்னைத் தேடி எழுதக் காரணம் இதுதான்.

இரண்டு அட்டை போதவில்லை என்று, நாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போக, வேண்டியது வரும்போது அவர் கண்ணால் காட்டுகிற முறைக்கு மாறினேன். "வெளியே போகணுமா? டிவியா? மீனா? வேறு ஏதோவா?" கடைசியில் "வேறு ஏதோ" கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் மனதில் இருப்பதைத்தான் அவர் சொல்ல முடியும். அடையாளமாகக் கண்ணை மேலே உயர்த்தச் சொன்னேன். ஏறவே இல்லை. பக்கவாட்டில் அருமையாகப் போகிற கண், மேலே மட்டும் போகாது. சரி, பக்கவாட்டிலேயே வைத்துக்கொண்டோம். நன்றாக நடந்துகொண்டிருந்தது. திடீரென்று மழை. வீடு தகரக் கூரை. நான் கத்திக் கேட்கிறேன், அவர் என் முகத்தையே பார்க்கிறார், பதில் இல்லை. "பாத்தீங்களா, அடம் தொடங்கிட்டான்" என்றார் அக்கா. மழை விட்டது, அதே கேள்வி, உடனே பதில். மறுபடி மழை, மறுபடி ஒன்றுமில்லை. அட்டையை முன்னால் நீட்டினால் மட்டும் கொட்டுகிற மழையிலும் பதில் வருகிறது.

அக்காவிடம் பிறந்த கதையைக் கேட்டேன். பிறந்த மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சளாம், கண் வெள்ளையும் மஞ்சளாம், பால் குடிக்கவில்லையாம், வில் மாதிரி முதுகு வளைந்ததாம். முறுக்குகிற கைகால், மேலே ஏறாத கண், சத்தத்தில் கேளாத காது. உனக்கு என்ன தோன்றுகிறது? எனக்குக் கெர்னிக்டெரஸ்தான் தோன்றுகிறது, பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை முற்றி மூளையைத் தாக்குமே, அது. அப்படியானால் காதில் சத்தம் விழும், நரம்பில் குழம்பும். இந்த ஊரில் ஜூனில் பிடிக்கிற எடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருடத்தில் பாதி நாள் தகரத்தடியில் அவர் "அடம்" பிடித்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். இத்தனை வயது வரை ஒருவர்கூடக் காதைச் சோதிக்கவில்லை.

அதனால் பெரா எடுக்க வேண்டும், சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று தலையில் எலெக்ட்ரோடு ஒட்டிப் பார்க்கிற உன் சோதனைதான். உள்காது திருப்பி அனுப்புகிற மெல்லிய ஒலி, அந்த ஓ.ஏ.இ., இந்த வயதில் மங்கியிருக்கலாம், அதனால் உள்காதின் மின் அலையான காக்ளியர் மைக்ரோஃபோனிக்கைத் தனியாகப் பார். கைகால் ஆடுகிறதே, அலை எப்படிப் பதியும் என்பாய். தூங்கும்போது அந்த ஆட்டம் அடங்கிவிடுகிறது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சொன்னேனே அந்த அரை மணி கழிந்ததும், அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறார். தூக்க மருந்து கொடுக்கச் சம்மதிக்க மாட்டேன், அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு வேண்டாம். கரண்டு போகும், லேப்டாப்பில் முழு சார்ஜ் ஏற்றி வா.

உன் கிளினிக்குக்கே கூட்டிவரத்தான் முதலில் நினைத்தேன். அத்தான் ஜீப் பேசிவிட்டார். ஆனால் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டோம். திருவனந்தபுரம் போகலாமா? வேண்டாம். அடுத்த வாரம்? வேண்டாம். டீச்சரின் கூட்டுக்காரி இங்கே வரட்டுமா? நிதானமாகக் கண் "சரி" பக்கம் போனது. எனவே வர வேண்டியது நீதான். மழை இல்லாத ஒரு சனிக்கிழமை பார். தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், ஹீல்ஸ் போட்டு வராதே, ரத்தம் குடிக்கிற அட்டை வேறு உண்டு.

ஒவ்வொரு எலெக்ட்ரோடையும் அவரிடம் காட்டி, அவர் முழித்திருக்கும்போதே சம்மதம் வாங்கித்தான் ஒட்டுவோம். கடைசி நேரத்தில் வேண்டாம் என்றால், மெஷினை மூடிவிட்டு ஜங்ஷனில் ரசவடை தின்றுவிட்டு நீ பஸ் ஏற வேண்டியதுதான். காசு நீ கொடு, அந்தப் பழைய கணக்கு இன்னும் தீரவில்லை.

உன்,
லீமா