வசந்திக்கு, ஷாங்காய் கிளம்பும் முன்

அன்புள்ள வசந்தி,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. கோபு வழக்கம்போல கோபுதான். விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபீஸ் வேலை முடிந்து ஒரு நாள் மிஞ்சும், ஹோங்கோ பகுதியில் இருக்கும் ஹுவோஷான் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். பாஸ்கர் அதைப் 'பத்து நிமிஷ சமாசாரம்' என்றானாம். அஜந்தாவையே பஸ்ஸை விட்டு இறங்காமல் பார்த்தவன் அவன்! ஆனால் வெறும் பூங்காவாகப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பில்லை. மரங்கள், பெஞ்சுகள், காலை வேளையில் கையைக் காலை அசைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள், அவ்வளவுதான். உள்ளே இரண்டாம் உலகப் போர்க்கால யூத அகதிகளுக்காக ஒரு நினைவுக்கல், 1994-இல் வைத்தது. சீனம், ஆங்கிலம், ஹீப்ரு மூன்றிலும் எழுதியிருக்கும். பெரிய சிலையும் மண்டபமும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் இந்தக் கல்லைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள். இது கல்லறை இல்லை, யூத வழக்கம் என்று கூழாங்கல் எதுவும் வைக்கத் தேவையில்லை.

அந்தக் கல்லை நின்று நிதானமாகப் படி. நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதர்களை ஜப்பானிய ஆக்கிரமிப்பு அதிகாரிகள் 'நாடற்ற அகதிகள்' என்று வகைப்படுத்தி, இந்த வட்டாரத்துக்குள் ஒடுக்கினார்கள் என்று இருக்கும். பிறகு எல்லை: மேற்கே கோங்பிங் சாலை, கிழக்கே தோங்பெய் சாலை, தெற்கே ஹுயிமின் சாலை, வடக்கே ஜோஜியாசுய் சாலை. நான்கு தெருப் பெயர்களையும் போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வா. பார்க்க வேண்டியது அங்கேதான் தொடங்குகிறது. இங்கே சுவரோ முள்வேலியோ இருந்ததில்லை. காகிதத்தில் போட்ட எல்லை, அதைத் தாண்ட ஒரு அனுமதிச் சீட்டு, காவல் முறைக்கு நிற்க அகதிகளிலிருந்தே பிடித்துப் போட்ட ஆட்கள். அந்தத் தெருக்களில் நடக்காமல் திரும்பினால் கல்லில் இருப்பது வெறும் விலாசம்.

இதில் ஒரு சிக்கல். கல் நாலு தெருவில் சுருக்கமாக முடித்துவிட்டது. 1943 பிப்ரவரி 18-இல் வந்த அறிவிப்பில் கோடு அவ்வளவு நேராக இல்லை. மேற்கிலும் தெற்கிலும் தெருவுக்குத் தெரு மாறி மாறிப் போகிறது, கிழக்கே யாங்ட்செபூ ஓடை, வடக்கே 'சர்வதேசக் குடியிருப்பு' என்று வெளிநாட்டவர் நிர்வகித்துவந்த பகுதியின் எல்லை. போதாததற்கு அதில் இருப்பவை பழைய பெயர்கள். வார்ட் ரோடுதான் இன்றைய சாங்யாங் சாலை, வேசைடு ரோடு ஹுவோஷான் சாலை, சூசான் ரோடு ஜோஷான் சாலை. அகதிகள் எழுதிய நினைவுக் குறிப்புகளெல்லாம் பழைய பெயரில்தான் இருக்கும். இந்த மூன்றையும் போனில் குறித்துக்கொள், இல்லாவிட்டால் 'குட்டி வியன்னா' என்று பெயரெடுத்த சூசான் ரோட்டில் நின்றுகொண்டே அதைத் தேடுவாய்.

அந்த அறிவிப்பில் 'யூதர்' என்ற சொல்லே கிடையாது தெரியுமா? 1937 முதல் வந்த நாடற்றவர்கள் மே 18-க்குள் குடிமாற வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மனி 1941 நவம்பரில் வெளிநாட்டில் இருந்த யூதர்களின் குடியுரிமையைப் பறித்திருந்ததால் அவர்கள்தான் அந்த வலையில் விழுந்தார்கள். முன்பே குடியேறியிருந்த ரஷ்ய யூதர்களை இது தொடவில்லை. பாக்தாத் பக்கத்திலிருந்து பம்பாய் வழியாக வந்து பணக்காரரான 'பாக்தாதி' யூதர்களில் பிரிட்டிஷ் பிரஜைகளாக இருந்தவர்கள் எதிரி நாட்டவர் முகாமுக்குப் போனார்கள். சீட்டு கொடுக்க உட்கார்ந்திருந்த கோயா என்ற ஜப்பானிய அதிகாரி தன்னை 'யூதர்களின் ராஜா' என்று சொல்லிக்கொள்வானாம். வரிசையில் நிற்பவர்களை அறைவதும் உண்டு.

உன் கைடு யாராவது 'ஷாங்காய்க்கு விசாவே வேண்டாம், அதனால் வந்தார்கள்' என்று முடித்தால் விடாதே. இறங்குவதற்கு வேண்டாம், சரி. ஆனால் வியன்னாவை விட்டுக் கிளம்ப, போகுமிடம் உண்டு என்று காட்ட வேண்டியிருந்தது. அங்கே சீனத் தூதரக அதிகாரியாக இருந்த ஹோ ஃபெங்ஷான் எழுதிக் கொடுத்த விசாக்களுக்கு மதிப்பு அதனால்தான். அப்புறம் கப்பல்: இத்தாலியத் துறைமுகத்தில் ஏறி, சூயஸ், பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அந்த வழி அடைபட்டது. அதற்குள் வந்தவர்களும் பிறகு சைபீரிய ரயிலில் வந்தவர்களுமாக ஏறக்குறைய 20,000 பேர்.

எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. அதே சந்துகளில் ஒரு லட்சம் சீனர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள், அகதிகளைவிடப் பலர் ஏழைகள். கல்லில் அவர்களுக்கு இடமில்லை. 1945 ஜூலை 17-இல் ஜப்பானிய வானொலி நிலையத்துக்குக் குறிவைத்து அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளில் 30-க்கு மேற்பட்ட அகதிகள் செத்தார்கள். சீனர்கள் நூற்றுக்கணக்கில். நீ நடக்கும்போது இதையும் நினைவில் வை.

போகும் முறை: மெட்ரோ 12-ஆம் தடம், திலான்சியாவ் நிலையம். முதலில் சாங்யாங் சாலை 62-இல் இருக்கும் ஓஹெல் மோஷே தொழுகைக்கூடம், இப்போது யூத அகதிகள் அருங்காட்சியகம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பெயர்ச்சுவரை அவசரமாகக் கடக்காதே. பிறகு நடந்தே பூங்கா, கடைசியில் எல்லைத் தெருக்கள். மதிய வெயிலில் வேண்டாம். கூகுள் மேப்பை நம்பாதே, சீனாவில் அதன் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். காவ்தெ (Amap) என்ற சீன மேப்பைப் போட்டுக்கொள், தெருப் பெயர்களைச் சீன எழுத்தில் சேமித்து வை, காட்டினால் யாரும் வழி சொல்வார்கள். அங்கே பணம் கட்டும் செயலியான அலிபேயில் உன் கார்டை இங்கேயே இணைத்துவிடு, அங்கே போய் ஓ.டி.பி. வரவில்லை என்று எனக்குப் போன் பண்ணாதே.

ராஜியைக் கேட்டேன் என்று சொல்.

உன்
மீனா