பட்டதாரிகள் விழாவுக்கு வன்னியின் நாட்காட்டியையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த ஆண்டு நிகழ்வுகளுக்குத் திகதி குறிக்கும் வேளை இது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒன்றுகூடல், நினைவுப் பேருரை, கலைவிழா என்று வரும்போது வன்னிப் பட்டதாரிகள், அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டத்தவர்கள், பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் படம் பார்ப்பவர்களாகவே இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நிகழ்வையாவது வன்னி மண்ணில், வன்னி ஆட்களுக்குத் தோதான நாளில் வைக்க வேண்டும் என்பதே சங்கங்களிடம் எங்கள் கோரிக்கை.

முதலில் அழைப்புப் பட்டியல். வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அது 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. 2021 ஆகஸ்ட் 1 முதல்தான் தனிப் பல்கலைக்கழகம். எனவே வளாகக் காலத்தில் பட்டம் பெற்றவர்களின் சான்றிதழில் இருப்பது யாழ்ப்பாணத்தின் பெயர், அவர்கள் படித்து வளர்ந்ததோ வவுனியாவில். யாழ்ப்பாணத்துச் சங்கம் இவர்களை வவுனியாவின் ஆட்கள் என்று விடுகிறது, வவுனியாச் சங்கம் யாழ்ப்பாணத்துப் பட்டதாரிகள் என்று விடுகிறது. இரண்டு பட்டியலிலும் இவர்களைச் சேர்த்துவிட்டால் கரைச்சல் தீர்ந்தது. யார் எந்தச் சங்கத்தில் வாக்களிப்பது என்பதை யாப்பு பார்த்துக்கொள்ளட்டும், அழைப்பிதழுக்கு அந்த வழக்குத் தேவையில்லை.

அடுத்தது திகதி. தை, மாசியில் காலபோக (பெரும்போக) நெல் அறுவடை. அறுவடை இயந்திரம் எந்த நாளில் வயலுக்கு வரும் என்று சொந்தக்காரருக்கே முதல் நாள்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை. குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால் உள்வீதிகள் தடைப்படும். வைகாசி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குரியது. ஜூலை 2, ஆகஸ்ட் 15 மடு மாதா தேவாலயத் திருவிழா நாட்கள். இவற்றைக் கழித்துப் பார்த்தால் ஆனியின் பிற்பகுதியும் ஆடியும் ஓரளவு வாய்ப்பானவை. சிறுபோகம் விதைத்தவர்களுக்கும் அப்போது கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கும். ஞாயிறு தேவாலயத்துக்குப் போவோரை நினைத்துச் சனிக்கிழமையைத் தெரிவுசெய்யுங்கள்.

இடத்துக்கு மாங்குளத்தைப் பரிந்துரைக்கிறோம். ஏ-9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடம், ரயில் நிலையமும் உண்டு. முல்லைத்தீவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர், கிளிநொச்சி அதைவிடக் கிட்ட. மன்னார்க்காரருக்கு மட்டும் வவுனியா வந்து மாறும் அலைச்சல் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு தனியார் பஸ்ஸை வாடகைக்கு அமர்த்துவது சங்கத்தின் பொறுப்பாக இருக்கட்டும். 9 மணி என்று அச்சடித்துவிட்டு, பிரதம விருந்தினர் வரும்வரை 10.30க்கு விளக்கேற்றக் காத்திருக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். காலையில் போகும் அந்த ஒன்றரை மணித்தியாலம் மாலையில் கடைசி பஸ்ஸைப் பறித்துவிடும். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பெண் ஆசிரியைகள் இடைநடுவில் எழும்பிப் போவது இதனால்தான்.

கல்வி அமர்வுக்குப் பேருரையைவிட வழிகாட்டல் முகாமே இங்கு அவசரம். உயர்தரப் பெறுபேறு வெளியாகி, பல்கலைக்கழக விண்ணப்பம் முடிவதற்கு இடைப்பட்ட வாரங்களில் அதைத் தனியாக வையுங்கள். திகதி பிந்தினால் பயனில்லை. மாவட்ட அடிப்படையில் தெரிவாகும் கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. இது தெரியாமல் வேறு மாவட்டத்து வெட்டுப்புள்ளியை (அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த புள்ளியை) பார்த்துப் பயந்து, கிடைக்கக்கூடிய கற்கைநெறியைப் பிள்ளைகள் கீழே தள்ளி எழுதுகிறார்கள். விருப்ப வரிசையில் மேலே கிடைத்தால் கீழே உள்ளது கவனிக்கப்படாது. ஆகவே உண்மையில் விரும்புவதை முதலில் எழுத வேண்டும். நடனம், சங்கீதம், கட்டடக்கலை போன்றவற்றுக்கு உளச்சார்பு அல்லது செயன்முறைப் பரீட்சை உண்டு, அதற்குத் தனி விண்ணப்பம், தனி முடிவுத் திகதி. பெரும்பாலும் தவறுவது அதுதான். எந்த மாவட்டத்துக்குரிய பிள்ளை என்பதை வீட்டு விலாசம் அல்ல, உயர்தரத்துக்கு முந்திய மூன்றாண்டுப் பாடசாலைப் படிப்பே பெரும்பாலும் தீர்மானிக்கும் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள். ஒரு மேசைக்கு ஒரு பட்டதாரி, ஒரு மடிக்கணினி, கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளிப் பிரதி என்றிருந்தால் வேலை நடக்கும். மேடையில் ஐந்து பேர் பேசினால் நடக்காது.

கலை நிகழ்வு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவின் கோவலன் கூத்தை அழைக்கிறீர்கள், நல்லது. ஆனால் 20 நிமிடம் கொடுத்து, 'வரவுப் பாட்டை விட்டிட்டுக் கதைக்கு வாங்கோ' என்று கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரிடம் சொல்கிறீர்கள். வரவு என்பது பாத்திரம் ஆடிப்பாடி அரங்குக்குள் வருவது, அதில்தான் ஆட்டம் இருக்கிறது. அதை வெட்டினால் மிஞ்சுவது உடுப்புப் போட்ட வசனம். விடிய விடிய ஆடுவதைச் சுருக்க வேண்டுமென்றால் ஒரு கட்டத்தை முழுதாக எடுங்கள். கோவலன் சிலம்பு விற்கப் புறப்படுவதிலிருந்து கொலைக்களம் வரை ஒன்றரை மணித்தியாலத்தில் அடங்கும். எதை விடுவது என்பதை அண்ணாவியாரே தீர்மானிக்கட்டும், ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள்.

மண்டப மேடை கூத்துக்கு ஆகாது. மாபிள் பதித்த தரையில் கால் வழுக்கும், ஆட்டக்காரர் அடியை அடக்கியே வைப்பார். வெளியே மண் தரையில் 20 அடிக்கு 20 அடி களரி (ஆடுகளம்) போதும், தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். ஒலிவாங்கியை மத்தளத்துக்குக் கிட்ட வைத்தால் பாட்டு முழுவதும் அமுங்கிவிடும். பிற்பாட்டுக்காரர் பக்கம் ஒன்று, களரியின் முன்விளிம்பில் இரண்டு, மத்தளத்துக்கு ஒன்றும் வேண்டாம். ஆடியில் சோளகக் காற்று அடிக்கும் என்பதால் ஒலிவாங்கிகளுக்குப் பஞ்சு உறை கட்டாயம். மாலை 3.30க்குத் தொடங்கினால் 5 மணிக்கு முடித்து பஸ் ஏறலாம். கூத்தர்களில் பலர் நாட்கூலிக்குப் போகிறவர்கள். ஒத்திகை நாட்களின் கூலியையும் சேர்த்து அன்றே கையில் கொடுங்கள். பொன்னாடை அதற்குப் பிறகு.

பொதுக்கூட்டத்தையும் அதே நாளில் வைப்பதானால் கணக்கறிக்கையை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், அரை மணித்தியாலத்தில் முடியும். சாப்பாட்டுக்கு ஒரு கிழமை முன்பே பெயர் பதியுங்கள்.

திகதிகள் அச்சுக்குப் போகுமுன் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஒவ்வொரு பட்டதாரியிடமாவது வரைவைக் காட்டிக் கேளுங்கள். ஒரு தொலைபேசி அழைப்புத்தான்.

இப்படிக்கு,
வன்னிப் பட்டதாரிகள் சிலர்,
கிளிநொச்சி.