காரணத்தைச் சொல்லிவிட்டு நிராகரியுங்கள்

தமிழில் அறிவியல் புனைகதைப் போட்டிகள் நடத்தும் ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியிலிருந்து எழுதுகிறேன். முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலை. இரவுப் பணியில் எந்த இயந்திரமும் மக்கர் செய்யாவிட்டால் போனில் கதை தட்டுவேன்.

சென்ற வருடம் ஒரு போட்டிக்குக் கதை அனுப்பினேன். நடத்தியவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம். 2190இல் நடக்கும் கதை. கடல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை ஏறிவிட்டது. காற்றாலைகளின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே சுற்றுகிறது. அதில் ஒன்றின் உச்சியில் ஒரு கிழவி குடியிருக்கிறாள், இறங்கிவர மறுக்கிறாள். கடல்கொண்ட நிலத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது. 2004 சுனாமியில் மணக்குடிப் பாலம் போனதையும், 2017இல் ஒக்கி புயல் வந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். இந்தக் கதைக்கு நான் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. என் கதை செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதப்பட்டதாகக் கண்டறியப்பட்டதால் பரிசீலிக்க இயலவில்லையாம். யார் கண்டறிந்தது, எப்படி, எந்தப் பத்தியில் என்று ஒன்றுமில்லை. அறிவிப்பில் அப்படி ஒரு விதியே கிடையாது என்பது வேறு விஷயம்.

யோசித்துப் பார்த்தேன். கதையில் பாதி, கிழவியைக் காலி செய்யச் சொல்லும் மாவட்ட நிர்வாகத்தின் அறிக்கைகளாக வரும். 'மேற்படி நபர்', 'உரிய நடவடிக்கை' என்று வேண்டுமென்றே வறட்டு நடையில் எழுதியிருந்தேன். அரசாங்க அறிக்கை இயந்திரம் எழுதினதுபோல் இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? மறுபாதியில் கிழவி பேசுகிறாள்: "கடலு வந்தா வரட்டும் மக்கா, நீ வல்லதும் தின்னியா?" 'ஏதாவது' என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சான இந்த 'வல்லதும்' எந்த இயந்திரத்தின் வாயில் வந்ததென்று நடுவர்கள் சொன்னால் நானும் அதை வாங்கிக்கொள்வேன்.

கோபத்தில் இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம் உண்டு. ஆனால் உலகத்தில் இந்த வகை எழுத்துக்குப் பெரிய விருதுகள் கொடுக்கிறவர்களும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். அவர்கள் கதை நமக்குப் பயன்படும்.

2023இல் சீனாவின் செங்டு நகரில் உலக அறிவியல் புனைவு மாநாடு நடந்தது. மாநாட்டு உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஹியூகோ விருது அங்கேதான் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் பரிந்துரைக் கணக்கு வெளிவந்தபோதுதான் தெரிந்தது, இறுதிப் பட்டியலில் வந்திருக்க வேண்டிய சில பெயர்களுக்கு எதிரே 'தகுதியில்லை' என்று மட்டும் போட்டிருந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஆர். எஃப். குவாங்கின் 'பாபெல்' நாவல் அதில் ஒன்று. அதே நாவல் அதற்கு முன்பே, அமெரிக்காவின் அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் கொடுக்கும் நெபுலா விருது வாங்கியிருந்தது. காரணம் கேட்டவர்களுக்கு 'விதிகளைப் பார்த்தோம், தகுதியில்லை' என்பதைத் தாண்டிப் பதில் வரவில்லை. பிறகு கசிந்த மின்னஞ்சல்களில், சீனாவுக்குப் பிடிக்காத விஷயம் ஏதாவது இருக்கிறதா என்று நிர்வாகிகளே எழுத்தாளர்களைத் துழாவியிருந்தது வெளியே வந்தது. ஒரு ரசிக எழுத்தாளர் திபெத்துக்குப் போனவர் என்று குறித்து வைத்திருந்தார்கள். மனிதர் போனது நேபாளத்துக்கு!

அடுத்த வருடம் அதே மாநாடு, அதே ஹியூகோ விருது, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். அங்கேயும் தில்லுமுல்லு நடந்தது. ஒரே போட்டியாளரை ஜெயிக்க வைக்க யாரோ போலிப் பெயர்களில் வாக்களித்திருந்தார்கள். 377 வாக்குகளைத் தள்ளினார்கள். ஆனால் முடிவு அறிவிப்பதற்கு முன்பே, எத்தனை வாக்கு, ஏன் சந்தேகம் வந்தது என்று பொதுவில் எழுதிவிட்டார்கள். அந்தப் போட்டியாளருக்கு இதில் பங்கிருந்ததாகச் சான்று இல்லை என்று அவர் பெயரையும் வெளியிடவில்லை. இரண்டு இடத்திலும் தள்ளத்தான் செய்தார்கள். ஒன்று நாறியது, இன்னொன்றை ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இயந்திரம் கதை எழுதும் விவகாரத்துக்கு வருகிறேன். உங்கள் கஷ்டம் புரியாமல் இல்லை. 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற ஆங்கில அறிவியல் புனைவு இதழுக்கு ஒரே மாதத்தில் 500க்கு மேல் இயந்திரம் எழுதின கதைகள் வந்து குவிந்ததில், கதை வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். அப்போதும் அதன் ஆசிரியர் நீல் கிளார்க், சந்தையில் கிடைக்கும் கண்டறியும் கருவிகளை நம்ப முடியாது என்றுதான் சொன்னார். ஆங்கிலத்துக்கே அந்தக் கதி. குமரித் தமிழை அந்தக் கருவி எந்த லட்சணத்தில் படிக்கும்?

2025இல் அதே உலக மாநாட்டைச் சியாட்டிலில் நடத்தியவர்கள், மேடையில் பேச வருகிறவர்களின் பின்னணியைப் பார்க்க சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியது தெரிந்து ரகளையானது. மன்னிப்புக் கேட்டார்கள், சிலர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். அதே வருடம் டிசம்பரில் நெபுலா விருதுக்காரர்கள், எழுதும்போது இயந்திரத்தைத் தொட்டிருந்தால் சொன்னால் போதும் என்கிற மாதிரி ஒரு விதி போட்டு, எழுத்தாளர்கள் சத்தம் போட்டதும் மன்னிப்புக் கேட்டு, தொட்டிருந்தாலே தகுதியில்லை என்று மாற்றினார்கள். எது சரி என்று நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் எதுவானாலும் விதி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருந்தது, அதனால்தான் சண்டை போட முடிந்தது.

அதனால், அடுத்த அறிவிப்பிலேயே இயந்திரம் பற்றிய விதியைப் போட்டுவிடுங்கள். கதையைத் தள்ளினால் எந்த இடம் சந்தேகம் தந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். சந்தேகம் வந்தால் கருவியில் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் எழுதினவனுக்கு ஒரு போன் போடுங்கள். கிழவி ஏன் இறங்க மாட்டேன் என்கிறாள் என்று கேளுங்கள். ஒரு சாயா குடிக்கும் நேரத்தில் தெரிந்துவிடும், எழுதினது ஆளா இயந்திரமா என்று.

பரிசு கேட்டு இதை எழுதவில்லை. கதை சுமார் என்று தள்ளியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். கதையின் முடிவு எனக்கே திருப்தியில்லை. ஆடி மாதக் காற்று அடங்கி, இயந்திரங்களுக்குப் பராமரிப்பு முடிந்ததும் அதைத் திருத்த உட்காருவேன். அதற்குள் உங்கள் புதிய விதிகள் வந்திருந்தால் கிழவியை மறுபடி அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு காற்றாலைத் தொழிலாளி