மூடியபடி திரும்பி வரும் மதிய டப்பா: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைஇயக்கக் குறைபாட்டுக்காக மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரை எடுத்துவரும் நான்காம் வகுப்புச் சிறுவனின் தாய் நான். இந்த மாத்திரை வந்த பிறகுதான் அவன் ஒரு கணக்கை முழுதாகப் போட்டு முடித்தான். அதே மாத்திரைதான் அவனுடைய மதியப் பசியையும் எடுத்துக்கொண்டது. இதைப் பள்ளிகள் இன்னும் பிள்ளையின் பிடிவாதமாகவே பார்ப்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு, மற்ற பிள்ளைகள் கை கழுவி விளையாடப் போன பிறகும், டப்பாவை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று அவனைத் தனியே உட்கார வைத்துவிட்டார்கள். அன்று மாலை டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சைச் சாதத்தின் ஓரத்தில் இரண்டு விரல் பட்ட குழி மட்டும் இருந்தது. அவனுக்கு உயிரான உருளைக்கிழங்கு வறுவலில் ஒரு துண்டுகூடக் குறையவில்லை. டைரியில் சிவப்பு மையில், "சாப்பாட்டில் ஒழுங்கு தேவை" என்று எழுதியிருந்தது. அதே பிள்ளை அன்றிரவு ஏழரை மணிக்கு நான்கு தோசை சாப்பிட்டுவிட்டு, "இன்னொன்று இருக்கிறதா அம்மா?" என்று கேட்டான்.

காரணம் மருந்து வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. பெரும்பாலும் கொடுக்கப்படும் மெத்தில்பெனிடேட் என்ற மருந்து, மூளையில் டோபமைன், நார்அட்ரீனலின் என்னும் வேதிப்பொருள்களின் செயல்பாட்டைக் கூட்டுகிறது; கவனத்தை நிலைநிறுத்தும் அதே மாற்றம் பசியுணர்வையும் அடக்கிவிடுகிறது. சாதாரண மாத்திரையின் வீரியம் ஏறக்குறைய நான்கு மணி நேரமும், மெல்லக் கரையும் வகையினுடையது எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரமும் இருக்கும். அதனால் மதிய உணவு மணி அடிக்கும்போது பல பிள்ளைகளுக்கு வயிறு கேட்பதே இல்லை. வீரியம் இறங்கும் மாலையில் பசி மொத்தமாக வந்து நிற்கிறது.

ஆகவே நாங்கள் வீட்டில் சாப்பாட்டை மதியத்திலிருந்து காலைக்கும் இரவுக்கும் நகர்த்திவிட்டோம். காலை ஏழு மணிக்குள் நெய் விட்ட பொங்கலோ, நல்லெண்ணெயில் குழைத்த பொடியோடு இட்லியும் ஒரு முட்டையுமோ சாப்பிட்ட பிறகே மாத்திரை. மதியத்துக்கு அளவில் சிறியதும் சத்தில் கனமானதுமாக ஏதேனும் ஒன்று: வேர்க்கடலை உருண்டை, எள்ளுருண்டை, வாழைப்பழம். படுக்கும் முன் பேரீச்சம்பழமும் பாலும்.

காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே சாப்பிடும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட அத்திட்டம் எத்தனையோ வீடுகளின் காலைச் சுமையை இறக்கியிருக்கிறது. ஆனால் வெறும் வயிற்றில் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டு அனுப்பினால், பள்ளியில் உப்புமா தட்டில் விழும் நேரத்தில் பசி அடங்கத் தொடங்கிவிடும். அந்தப் பிள்ளை காலையையும் இழக்கிறது, மதியத்தையும் இழக்கிறது. மருத்துவரின் எழுத்துப்பூர்வமான குறிப்போடு வரும் பெற்றோருக்கு, காலை உணவு முடிந்த கையோடு மாத்திரையைக் கொடுக்க வழி செய்யுங்கள்.

மதியத்தில் வற்புறுத்த வேண்டாம். நான்கு வாய் சாப்பிட்டால் போதும் என்று விட்டுவிடுங்கள். மிச்சத்தைக் கொட்டச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புங்கள், அவன் எவ்வளவு சாப்பிட்டான் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். மாலைச் சிறப்பு வகுப்பு இருந்தால், அது தொடங்கும் முன் பத்து நிமிடம் சாப்பிட விடுங்கள். பசியோடு வரும் அந்த மாலை எரிச்சலுக்காக எத்தனை பிள்ளைகள் திட்டு வாங்குகிறார்கள் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

எடை பார்ப்பதிலும் உங்கள் உதவி வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல், பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் பார்க்கச் சொல்கிறது. பள்ளியில் எடுக்கும் அளவுகளைத் தேதியோடு எங்களுக்குக் கொடுத்தால், அதை மருத்துவரிடம் காட்டுவோம். மருந்தின் அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா, விடுமுறையில் இடைவெளி விடுவதா என்பது அவர் முடிவு செய்ய வேண்டியது. "பிள்ளை இளைத்துவிட்டான், மாத்திரையை நிறுத்திவிடுங்கள்" என்று வகுப்பு வாசலில் சொல்லும் அறிவுரையை மட்டும் அன்புகூர்ந்து தவிருங்கள். அக்கறையில்தான் சொல்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அதைக் கேட்டுத் தாங்களாகவே நிறுத்திவிடும் பெற்றோர் இருக்கிறார்கள்.

இந்தக் கல்வியாண்டின் அடுத்த பெற்றோர் கூட்டத்தில், மருந்து எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோரைத் தனியே அழைத்து, "எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குப் பசி?" என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்டுக் குறித்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்